ஆய்வு வலைத்தளங்களின் பயன்படுதன்மைச் சோதனை

ஆய்வு வலைத்தளங்களின் பயன்படுதன்மைச் சோதனை என்பது ஆய்வேடுகள், பழைய நூல்கள், கல்வெட்டுகள், சுவடிகள், அகரமுதலிகள் முதலியவற்றை வழங்கும் இணையத்தளங்களை உண்மையான பயனர்களிடம் கொடுத்து, அவர்கள் ஒரு வேலையைச் செய்து முடிக்க முயலும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை உடனிருந்து கவனிக்கும் முறை ஆகும். மென்பொருள் துறையினர் இதனை யூசபிலிட்டி டெஸ்டிங் என்றே வழங்குவர். வழக்கமான மென்பொருள் சோதனை, பொத்தானை அழுத்தினால் அது இயங்குகின்றதா என்று பார்க்கும். பயன்படுதன்மைச் சோதனை, அப்பொத்தான் அங்கே இருப்பது பயனரின் கண்ணில் பட்டதா என்று பார்க்கும். கருத்துக்கணிப்பிலிருந்தும் இது வேறுபட்டது. பயனர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன செய்கிறார் என்பதே இங்கு தரவாகக் கொள்ளப்படுகின்றது.

பயணச்சீட்டு விற்கும் தளத்தில் பயனர் தோற்றுப்போனால் விற்பனை குறையும். உரிமையாளர் விரைவிலேயே அறிந்துகொள்வார். ஆய்வுத் தளத்தில் தோல்வி ஓசையின்றி நிகழ்கின்றது. ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று திரையில் வந்தால், அத்தலைப்பில் எவரும் ஆய்வு செய்யவில்லை என்று மாணவர் முடிவு கட்டிவிடுகிறார். அம்முடிவு அவரது ஆய்வேட்டின் முதல் இயலில் ஒரு வாக்கியமாகவும் ஏறிவிடுகின்றது. முன்னர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வேடு அதே வழங்கியில் இருக்க, அதே வேலை மீண்டும் தொடங்குகின்றது. தளத்தை நடத்துபவருக்கு இது பற்றி எந்த முறையீடும் வருவதில்லை. தமக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி யாரும் முறையிட முடியாதல்லவா?

இக்கட்டுரை மதுரை நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகின்றது.

வரலாறு

பயனர் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணினியைப் பயன்படுத்தும் ‘உரக்கச் சிந்தித்தல்’ முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் கிளேட்டன் லூயிசு 1982இல் இடைமுக வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். அதற்கான உளவியல் அடிப்படையை ஆண்டர்சு எரிக்சன், ஏர்பெர்ட் சைமன் ஆகியோர் வகுத்தனர். 1985இல் ஜான் கூல்டும் லூயிசும் எழுதிய கட்டுரை, பயனரைத் தொடக்கத்திலேயே கவனித்தல், அளந்து பார்த்தல், திருத்தி மீண்டும் சோதித்தல் என்ற மூன்றையும் வடிவமைப்பின் நெறிகளாக வலியுறுத்தியது.

ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற பன்னாட்டுச் சீர்தரம் 1998இல் வெளியாகி 2018இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கத்தை, குறிப்பிட்ட சூழலில், எவ்வளவு சரியாகவும் எவ்வளவு குறைந்த முயற்சியிலும் எவ்வளவு நிறைவோடும் அடைகிறார்கள் என்பதே பயன்படுதன்மை என அது வரையறுக்கின்றது. ‘குறிப்பிட்ட’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது கவனிக்கத்தக்கது. எல்லோருக்கும் எல்லா இடத்திலும் எளிதான தளம் என்று ஒன்று இச்சீர்தரத்தின்படி இல்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகத்தில் எளிதாக இருக்கும் தளம், உசிலம்பட்டிப் பேருந்தில் கைப்பேசியில் திறக்கப்படும்போது வேறொரு தளம்.

ஆய்வுத் தளங்களுக்கென்றே செய்யப்பட்ட மதிப்பீடுகளில் முதன்மையானது, அதே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிளேர் வார்விக், மெலிசா டெராசு முதலியோர் 2005-2006 காலப்பகுதியில் நடத்திய லைரா திட்டம் ஆகும். கலை, மானிடவியல் துறைகளில் பொதுப்பணத்தில் உருவாக்கப்பட்ட எண்ணிம வளங்களின் பதிவுக்கோப்புகளை ஆராய்ந்த அவர்கள், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வளங்கள் பயன்படுத்தப்படாமலே கிடப்பதைக் கண்டனர். உருவாக்கும் கட்டத்தில் பயனரைக் கொண்டு சோதித்த திட்டங்கள் மிகச் சிலவே என்பதும் அதில் வெளிப்பட்டது.

சோதனை நடைபெறும் முறை

சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு மேசை, பயனர் வழக்கமாகக் கையாளும் கருவி, குறிப்பெடுக்க ஒருவர், பேச ஒருவர் இருந்தால் போதும். மதுரையில் பல்கலைக்கழக வளாகம், கல்லூரி நூலகம், 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்கள் உரிய ஒப்புதலுடன் இதற்குப் பொருந்தும்.

சோதனையின் உயிர், கொடுக்கப்படும் பணியில் உள்ளது. ‘தேடல் பெட்டியில் மாங்குளம் என்று தட்டச்சு செய்க’ என்பது பணியன்று, அது கட்டளை. விடையின் பாதியை அதுவே சொல்லிவிடுகின்றது. ‘மேலூர்ப் பகுதியில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் காணப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைப் பற்றி ஓர் ஆய்வேடோ கட்டுரையோ தேவை, கண்டுபிடியுங்கள்’ என்பதே சரியான பணி. இப்பணியில் ஒரு சிக்கல் இயல்பாகவே அமைந்துள்ளது. 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்த அக்கல்வெட்டுகள் சில நூல்களில் மாங்குளம் என்ற பெயரிலும் சிலவற்றில் மீனாட்சிபுரம் என்ற பெயரிலும் குறிக்கப்படுகின்றன. ஒரு பெயரை மட்டும் அறிந்த மாணவரை மற்றொரு பெயருக்குத் தளம் அழைத்துச் செல்கின்றதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

நடத்துநர் முதலில் சொல்ல வேண்டியது, ‘நாங்கள் சோதிப்பது தளத்தை; உங்களை அல்ல’ என்பதாகும். அதன் பின்னர் அவர் பேசாதிருக்க வேண்டும். தளத்தை உருவாக்கிய பொறியாளரே நடத்துநராக அமர்ந்தால் இது பெரும்பாலும் நடப்பதில்லை. பயனர் தவறான இணைப்பைத் தொட்டவுடன் அவரது கை தானாகவே திரையை நோக்கி நீளும். எனவே பொறியாளர்களைப் பின்வரிசையில் அமர்த்துவதே நல்லது.

பதிவு செய்யப்படுபவை: பணி முடிந்ததா, எவ்வளவு நேரம் பிடித்தது, முதலில் எதைத் தொட்டார், எந்தச் சொல்லை எப்படித் தட்டச்சு செய்தார், எந்த இடத்தில் கைவிட்டார். கைவிட்ட இடமே மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புடையது. திரையையோ குரலையோ பதிவதாயின் முன்கூட்டி ஒப்புதல் பெற வேண்டும். பதிவுகளில் பெயருக்குப் பதில் எண் இடுவது வழக்கம்.

எத்தனை பேர் தேவை என்பதில் நெடுநாள் விவாதம் உண்டு. ஒரு குறையை ஒரு பயனர் எதிர்கொள்ளும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு எனக் கொண்டால், 5 பேர் சேர்ந்து ஏறத்தாழ 85 விழுக்காடு குறைகளை வெளிக்கொணர்வர் என்பது யாக்கோப் நீல்சன், தாமசு லாண்டவர் ஆகியோர் 1993இல் தந்த கணக்கு. 2001இல் ஜாரெட் இசுபூலும் வில் சுரோடரும் வணிகத் தளங்களில் சோதித்தபோது, முதல் 5 பேர் 35 விழுக்காட்டையே கண்டனர். 2003இல் லாரா பாக்னர் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐவர் ஐவராகத் தெரிந்தெடுத்துப் பார்த்தார். ஒரு குழு 99 விழுக்காடு குறைகளைக் கண்டது. மற்றொன்று 55 விழுக்காடே. சராசரி என்னவோ 85தான். 5 பேரைக் கொண்டு சோதித்து, திருத்தி, வேறு 5 பேரிடம் மீண்டும் கொடுப்பது பொருள்வளம் இல்லாத தன்னார்வத் திட்டங்களுக்கு உகந்தது எனலாம்.

மரியாதை தரும் விடை

மேலை நாடுகளில் உருவான இம்முறை நம் நாட்டில் ஒரு தடையைச் சந்திக்கின்றது. ஆய்வு மாணவர் ஒருவரிடம் பேராசிரியர் வயதுள்ளவர் ‘இத்தளம் எப்படி இருக்கின்றது?’ என்று கேட்டால், ‘நல்லா இருக்கு சார்’ என்பதைத் தவிர வேறு விடை வருவது அரிது. பொய் சொல்லும் எண்ணம் அதில் இல்லை. எதிரில் அமர்ந்திருப்பவரின் உழைப்பைக் குறை சொல்லலாகாது என்ற நன்னடத்தையே காரணம்.

இதன் அளவை ஓர் ஆய்வு எண்களில் காட்டியுள்ளது. நிக்கோலா டெல், வித்யா வைத்தியநாதன், இந்திராணி மேதி, எட்வர்ட் கட்ரெல், வில்லியம் தீசு ஆகியோர் பெங்களூரில் 450 பேரிடம் நேர்காணல் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. முற்றிலும் ஒரே மாதிரியான இரண்டில் ஒன்று நேர்காண்பவர் உருவாக்கியது என்று கருதிய நிலையில், பங்கேற்பாளர்கள் அதனையே விரும்புவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்காக இருந்தது. நேர்காண்பவர் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் பேசும் வெளிநாட்டவராக இருந்தபோது அது 5 மடங்காகியது. வெளிப்படையாகவே தரம் குறைந்ததாக இருந்தபோதும்கூட நேர்காண்பவரின் பொருளே விரும்பப்பட்டது.

டிஜிட்டல் எக்யுப்மெண்ட் நிறுவனத்தில் ஜான் புரூக் 1986இல் வகுத்த, பரவலாகப் பயன்படும் எஸ்.யு.எஸ். வினாத்தாளையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்க்க வேண்டும். 10 கூற்றுகளுக்கு ஐந்து படிகளில் விடை பெற்று 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் எளிய அளவுகோல் அது. தளத்தை உருவாக்கியவரே அதை நீட்டி, அவர் முன்னிலையிலேயே நிரப்பச் சொன்னால் கிடைக்கும் மதிப்பெண்ணில் மரியாதையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை.

மும்பையில் பணியாற்றிய வடிவமைப்பாளர் அபலா லாகிரி சவான் இதற்கு ஒரு சுவையான வழி கண்டார். பணியைத் திரைப்படக் கதையாக்குவதே அது. உறவுக்காரப் பெண்ணுக்குத் திருமணம் நடக்கவிருக்கின்றது. மணமகன் ஏற்கெனவே மணமானவன், கூலிக்கொலைகாரன் எனத் தெரியவருகின்றது. அவனது மனைவியை அழைத்துக்கொண்டு உடனே பெங்களூர் போக வேண்டும். விமானச் சீட்டு எடுங்கள். கதைக்குள் புகுந்த பயனர், மரியாதையை மறந்து தளத்தைத் திட்டத் தொடங்கிவிடுவார். இது பாலிவுட் முறை எனப் பெயர் பெற்றது. ஆய்வுத் தளத்துக்குக் கூலிக்கொலைகாரன் தேவைப்படாது. ‘நாளைக் காலை 10 மணிக்கு நெறியாளரிடம் முன்னாய்வுப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், இப்போது இரவு 11 மணி’ என்றாலே போதிய பதற்றம் உண்டாகும்.

இதனினும் எளிய வழி, நண்பர்கள் இருவரை ஒரே திரையின் முன் அமர்த்துவது. உரக்கச் சிந்திக்கச் சொன்னால் கூச்சப்படும் மாணவர், பக்கத்திலிருக்கும் தோழியிடம் ‘இதை ஏன் இங்க வச்சிருக்காங்க?’ என்று தயங்காமல் கேட்பார். குறிப்பெடுப்பவருக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியமே.

தமிழ்த் தளங்களில் கவனிக்க வேண்டியவை

தமிழில் ஆய்வு வளங்கள் இன்று குறைவாக இல்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்டு, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் உலகெங்குமுள்ள தன்னார்வலர்களால் வளர்ந்த மதுரைத் திட்டம் (பெயரில் மட்டுமே மதுரை), 2001இல் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் நூலகம், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் திட்டம், காந்திநகரிலுள்ள இன்பிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியம் ஆகியவை அவற்றுட் சில. உள்ளே இருப்பது கைக்கு எட்டுகின்றதா என்பதே கேள்வி. தமிழ்ப் பயனர் தடுமாறும் இடங்கள் பல, ஆங்கிலத் தளங்களுக்கு எழுதப்பட்ட கையேடுகளில் இடம்பெறாதவை.

முதலாவது, எழுத்துக்கூட்டல். மதுரையில் வாழும் சௌராட்டிர நெசவாளர்களைப் பற்றித் தேடும் ஒருவர் சௌராட்டிரர், சௌராஷ்டிரர், சவுராஷ்டிரா என எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். மூன்றும் வழக்கில் உள்ளன. இதற்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேறுபாடு உண்டு. ஒருங்குறியில் ‘சௌ’ என்பதற்கு ஔகாரக் குறி தனியே உள்ளது. ஆனால் பலர் ஒற்றைக்கொம்பை இட்டு அருகே ளகரத்தைத் தட்டச்சு செய்துவிடுகின்றனர். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘கொ’ போன்ற எழுத்துகளையும் ஒரே குறியாகவோ, கொம்பும் காலுமாக இரு குறிகளாகவோ சேமிக்கலாம். ஆனால் இவ்விரண்டையும் நிகரானவையாக ஒருங்குறிச் சீர்தரமே அறிவித்துள்ளதால், தளம் அவற்றை இயல்பாக்கிவிட்டால் சிக்கல் தீரும். ளகரக் குழப்பத்தை அச்சீர்தரம் தீர்க்காது. அதற்குத் தளத்தார்தாம் விதி எழுத வேண்டும்.

இராமநாதபுரம், ராமநாதபுரம்; கோயில், கோவில்; மீனாட்சி, மீனாக்ஷி என்பன போன்ற இணைகளும் இவ்வகையே. அகரவரிசைப் பட்டியலில் இகரத்தின் கீழ்த் தேடுபவரும் ரகரத்தின் கீழ்த் தேடுபவரும் ஒரே ஊரைத்தான் தேடுகின்றனர்.

இரண்டாவது, புணர்ச்சியும் வேற்றுமையும். ‘வரலாறு’ என்று தேடினால் ‘வரலாற்றில்’ என்று தலைப்பிட்ட ஆய்வேடு வராது. பயனர் பலர் இதனைத் தம் தவறாகவே எண்ணி, சொல்லை மாற்றி மாற்றி முயல்வர். ஒருவர் எத்தனை முறை மாற்றினார் என்று எண்ணினாலே தேடுபொறியின் நிலை விளங்கிவிடும்.

மூன்றாவது, உரோமன் எழுத்துப் பெயர்ப்பு. தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் உரோமன் எழுத்தில் பதியப்படும்போது, ழகரம் ஒருவர் கையில் ‘எல்’ ஆகவும் இன்னொருவர் கையில் ‘இசட்-எச்’ ஆகவும் மூன்றாமவர் கையில் அடிக்கோடிட்ட ‘எல்’ ஆகவும் வருகின்றது. 2015 முதல் அகழாய்வு நடந்துவரும் கீழடியின் பெயர் இவ்வாறு பலவிதமாக எழுதப்படுகின்றது. பழைய ஆங்கில நூல்களில் மதுரையே ‘மதுரா’வாக இருக்கின்றது. நெல்சன் 1868இல் எழுதிய மாவட்டக் கையேடும் பிரான்சிசு 1906இல் தொகுத்த விவரச்சுவடியும் அப்பெயரையே தாங்கியுள்ளன. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடுபவருக்கு, மதுரையைப் பற்றிய இவ்விரு அடிப்படை நூல்களும் தலைப்புத் தேடலில் அகப்படாமல் போகலாம்.

நான்காவதும் கொடியதுமானது, பழைய எழுத்துருக்கள். ஒருங்குறி பரவுமுன் ஆய்வேடுகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. அவ்வழக்கம் பின்னரும் நீடித்தது. பாமினியில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. பி.டி.எஃப். கோப்பைத் திறந்தால் அழகிய தமிழ் தெரியும். உள்ளே தேடினால் ஒன்றும் அகப்படாது. படமாக வருடப்பட்ட ஆய்வேடுகளின் நிலையும் அதுவே. பயனரோ, தம் கண்முன் தெரியும் சொல்லைக் கணினி ஏன் காணவில்லை என்று திகைப்பார். இத்திகைப்பைச் சோதனையில் நேரில் கண்டவர்கள் எழுத்துரு மாற்றியை உருவாக்குவதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

இவை தவிர, கோப்புகளை வழங்கும் விதமும் சோதனைக்குரியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குவிதிகளின்படி ஆய்வேடுகளின் மின்படிகள் சோத்கங்காவில் சேர்கின்றன. தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்த அரிய பணி அது. அங்கே ஓர் ஆய்வேடு, தலைப்புப் பக்கம், சான்றிதழ், பொருளடக்கம், இயல்கள் எனத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கோப்புப் பெயர்களும் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. மூன்று ஆய்வேடுகளைக் கைப்பேசியில் இறக்கிய மாணவரிடம், ‘இரண்டாவது ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திறந்து காட்டுங்கள்’ என்று கேட்பது நல்ல பணியாகும்.

உண்மையான பயனர் யார்?

சோதனைக்கு யாரை அழைப்பது என்பது பார்ப்பதற்கு எளிய கேள்வி. நூலகத்தில் இருப்பவரை அழைத்தால் ஏற்கெனவே நூலகத்துக்கு வரத் தெரிந்தவர்களே கிடைப்பர்.

இதற்கு மதுரை மாவட்டத்திலேயே ஒரு பாடம் உண்டு. 2001இல் மேலூர் வட்டத்தில் தொடங்கப்பட்ட சாரி திட்டம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஊர்களில் இணைய மையங்களை அமைத்தது. என்-லாக் நிறுவனம் இணைப்பை வழங்கியது, ஆர்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவையும் பங்கு கொண்டன. அரவிந்த் கண் மருத்துவமனை இம்மையங்கள் வழியாகக் கண் நோயாளிகளுக்கு ஆலோசனை தந்தது. இம்மையங்களை ஆராய்ந்த இராசேந்திர குமார், மைக்கேல் பெசுட்டு ஆகியோர், வந்து பயன்படுத்தியவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள், பள்ளி கல்லூரி மாணவர்கள், ஒப்பீட்டளவில் வசதியும் கல்வியும் உடையோர் என 2006இல் எழுதினர். மையத்தின் கணினி முன் அமர்ந்திருந்தவர்களை மட்டும் கேட்டிருந்தால் ஊரில் பாதிப்பேரின் சிக்கல் பதிவாகியிருக்காது. இவற்றுட் பல மையங்கள் பின்னர் மூடப்பட்டன. அதற்கான காரணங்களை 2008இல் பெசுட்டும் குமாரும் தனியே ஆராய்ந்துள்ளனர்.

ஆய்வுத் தளத்துக்கும் இது பொருந்தும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முழுநேர ஆய்வாளர் ஒரு பயனர். பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்யும் திருமங்கலத்து ஆசிரியை இன்னொரு பயனர். அவருக்குத் தளத்தைத் திறக்க இரவில் ஒரு மணி நேரமே கிடைக்கும், அதுவும் கைப்பேசியில். பட்டம் இல்லாமல் தம் ஊர்க் கோயில் கல்வெட்டைப் படிக்க முயலும் முதியவரும் பயனரே. திரைவாசிப்பான் கொண்டு படிக்கும் பார்வையற்ற மாணவருக்குப் படமாக வருடிய பக்கம் வெற்றுப் பக்கம். அவரைச் சேர்க்காத சோதனையில் இக்குறை ஒருபோதும் வெளிப்படாது.

வரம்புகள்

பயன்படுதன்மைச் சோதனை குறையைக் காட்டும், திருத்தாது. திருத்தும் அதிகாரம் வேறிடத்தில் இருக்கும்போது சோதனை அறிக்கை ஒரு கோப்பாக முடிந்துவிடுவதுண்டு. சோத்கங்கா போன்றவை இயங்கும் டி-இசுபேசு மென்பொருள், எம்.ஐ.டி. நூலகங்களும் எச்.பி. நிறுவனமும் 2002இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் ஆகும். தேடலின் ஆழத்தில் உள்ள குறையை ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவு தனியே சரிசெய்வது கடினம். ஆனால் மூல நிரலைத் திருத்தி அனுப்ப எவருக்கும் தடையில்லை.

மேலும், ஒரு மணி நேரச் சோதனையில் காண்பது முதற்பழக்கத்தின் இடர்ப்பாடுகளையே. அகரமுதலியை நாள்தோறும் பயன்படுத்தும் அறிஞர் ஆறு மாதம் கழித்துச் சந்திக்கும் குறைகளை அறிய, நாட்குறிப்பு முறையும் பதிவுக்கோப்பு ஆய்வும் வேண்டும். தேடலில் விடை கிடைக்காத சொற்களை மட்டும் தனியே தொகுத்து வைப்பது செலவில்லாத தொடக்கம். அப்பட்டியலில் ஒரே ஊர்ப்பெயர் நான்கு எழுத்துக்கூட்டலில் வந்திருந்தால், அடுத்த சோதனைக்கான பணி அதிலேயே இருக்கின்றது.